ஏழு பாகை இடைவெளி

சொன்னவர் பேரறிஞர்; ஆகவே சொன்னது மெய்யாகத்தான் இருக்கும். இந்த எண்ணம் சமயத்திலே உண்டு, மருத்துவத்திலே உண்டு, வரலாற்றிலே உண்டு. ஆனால் கணிதத்திலே அதற்கு இடமே இல்லை, அங்கே மெய்ப்பிப்பு ஒன்றே முடிசூடி அமர்ந்திருக்கிறது என்று நம்மிற் பலர் நம்புகின்றோம். அந்த நம்பிக்கை முழுதும் சரியன்று. ஒரு சிறு பிள்ளை அட்டையை வெட்டி ஒட்டிப் பார்த்தால் வெளிப்பட்டுவிடக்கூடிய பிழை ஒன்று, ஏறத்தாழ 1800 ஆண்டுகள் ஏட்டிலே வாழ்ந்தது. ஏற்றம் பெற்றும் வாழ்ந்தது. அதை எழுதியவர் அரிஸ்டாட்டில். எழுதியவர் பெயரே பிழைக்கு அரணாக நின்றது.

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னர், கதைக்குக் கருவியாக நிற்கும் கணக்கைச் சொல்லியாக வேண்டும். கணக்கென்றதும் ஏட்டை மூடிவிட வேண்டா, தோழர்களே! கூட்டலும் வகுத்தலும் போதும்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் இரண்டு செங்கோணம், அதாவது 180 பாகை. பள்ளிப் பிள்ளை இதை ஒரே வரியில் ஒப்பிக்கிறது. அந்த ஒரு வரியை எட்டுவதற்கு மாந்தர் எத்தனை படி ஏறினர் என்பது நினைக்கத் தக்கது. தொடக்கக் காலக் கிரேக்கர் மூன்று பக்கமும் ஒத்த முக்கோணத்திற்குத் தனியே, இரு பக்கம் ஒத்ததற்குத் தனியே, ஒன்றும் ஒவ்வாததற்குத் தனியே மெய்ப்பித்தனர் என்று ஜெமினஸ் என்ற பழைய ஆசிரியர் குறித்திருக்கிறார். பிறகு வந்தவர்களே, முக்கோணம் எதுவாயினும் செல்லும் ஒரே மெய்ப்பிப்பைக் கண்டனர். முனை வழியாக அடிப்பக்கத்திற்கு இணையாக ஒரு கோடு. அந்தக் கோட்டின்மீது மூன்று கோணங்களும் தோளோடு தோள் சேர்ந்து நின்று நேர்கோடாகிவிடுகின்றன. இந்த மெய்ப்பிப்பைப் பைதாகரசின் வழிவந்தோர்க்கு உரியதாக யூடெமஸ் கூறியதை, கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரோக்ளஸ் நமக்கு எடுத்துவைத்திருக்கிறார். யூக்ளிட் தம் நூலின் முதற்பகுதியில் 32ஆவது உண்மையாக இதையே சற்று வேறு வழியில் நிறுவினார்.

யூக்ளிட் முக்கோணத்தோடு நின்றுவிட்டார். நாற்கரம், ஐங்கோணம், அறுகோணம் என்று விரியும் பலகோணங்களின் கோணத் தொகையை அவர் தனி உண்மையாக எழுதவில்லை. புரோக்ளஸ் தம் உரையில் எழுதினார். 1756இல் யூக்ளிடைப் பதிப்பித்த ராபர்ட் சிம்சன், 32ஆவது உண்மையின் கிளைகளாக அவற்றைச் சேர்த்தார். வழி எளிது. ஏதேனும் ஒரு முனையிலிருந்து எதிர் முனைகளுக்கெல்லாம் கோடிழுத்தால் பலகோணம் முக்கோணங்களாகப் பிளவுபடும். நான்கு பக்கத்துக்கு இரண்டு முக்கோணம், ஐந்துக்கு மூன்று, ஆறுக்கு நான்கு. பக்கங்களின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்து 180 ஆல் பெருக்கினால் உட்கோணங்களின் கூட்டுத்தொகை வந்துவிடும். நாற்கரத்துக்கு 360. ஐங்கோணத்துக்கு 540. இந்த 540ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்கு வேலையிருக்கிறது.

மாணவர் பெரும்பாலோர் இந்த வாய்பாட்டோடு தேர்வை முடித்துக்கொள்வர். நமக்கோ இதைவிட வெளிக்கோணத்தின்மீதுதான் காதல். வயல் ஒன்றைச் சுற்றி வரப்பிலே நடப்பதாகக் கொள்வோம். மூலை வருகிறது, திரும்புகிறோம். எவ்வளவு திரும்பினோமோ அதுவே அந்த மூலையின் வெளிக்கோணம். மூலைதோறும் திரும்பித் திரும்பி, புறப்பட்ட இடத்திற்கே வந்து, புறப்பட்ட திசையையே நோக்கி நிற்கிறோம். மொத்தம் எவ்வளவு திரும்பியிருப்போம்? ஒரு முழுச் சுற்று. 360 பாகை. வயலுக்கு மூன்று மூலையா முப்பது மூலையா என்ற கேள்வியே எழவில்லை! வரப்பு ஓரிடத்தில் உட்குழிந்து போனால் அங்கே எதிர்ப்பக்கம் திரும்புவோம். அதைக் கழித்துக்கொண்டால் கணக்கு மீண்டும் 360இலேயே வந்து நிற்கும்.

உட்கோணங்களின் தொகை பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. வெளிக்கோணங்களின் தொகையோ அசையாமல் நிற்கிறது. மாறுவதைப் பிடித்துக்கொண்டு மாறாததைத் தேடுவதைவிட, மாறாததைப் பிடித்துக்கொண்டு மாறுவதைக் காண்பது எளிது. பக்கமும் கோணமும் ஒத்த ஒழுங்குப் பலகோணம் என்றால் 360ஐப் பக்க எண்ணால் வகுத்தால் வெளிக்கோணம். அதை 180இலிருந்து கழித்தால் உட்கோணம். ஐங்கோணத்துக்கு 72, ஆகவே 108. தலைகீழாகவும் கேட்கலாம். உட்கோணம் 156 என்றால் பக்கம் எத்தனை? வெளிக்கோணம் 24; 360ஐ 24ஆல் வகுக்க 15. உட்கோணம் 100 என்றால்? வெளிக்கோணம் 80, வகுத்தால் நாலரை. நாலரைப் பக்கமுள்ள வடிவம் ஏது என்று மாணவர் சிரிப்பர். சிரித்து முடித்தபின், அந்த எண்பது பாகையையே விடாமல் திரும்பித் திரும்பிக் கோடு வரையச் சொன்னால், ஒன்பதாவது கோட்டில் வடிவம் மூடிக்கொள்ளும். இரண்டு முறை சுற்றிவந்து ஒன்பது முனை விண்மீனாக! இவ்வகை விண்மீன் வடிவங்களைப் பதினான்காம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் தாமஸ் பிராட்வர்டின் என்னும் ஆங்கிலேயர். 1349இல் கான்டர்பரியின் தலைமைப் பேராயராகி, அதே ஆண்டு கொள்ளை நோயில் மாண்டார்.

இனி அரிஸ்டாட்டிலுக்கு வருவோம்.

வெளிக்கோணங்களின் தொகை நான்கு செங்கோணம் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். அறிந்ததோடன்றி, ‘காரணம் கேட்பது எங்கே முடிய வேண்டும்’ என்பதை விளக்க அதையே எடுத்துக்காட்டாக ஆண்டிருக்கிறார். இந்த உருவுக்கு வெளிக்கோணத் தொகை ஏன் நான்கு செங்கோணம்? இது இருபக்கம் ஒத்த முக்கோணம் என்பதால். அதற்கு மட்டும் ஏன்? அது முக்கோணம் என்பதால். முக்கோணத்துக்கு ஏன்? அது நேர்கோடுகளால் அடைபட்ட உருவம் என்பதால். அதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை. உண்மையான காரணம் அங்கேதான் இருக்கிறது என்கிறார். எவ்வளவு தெளிவு! எத்துணைக் கூர்மை! ‘ஏன்’ என்று கேட்டுக் கேட்டு வேரைத் தொடச் சொன்ன அந்த மனிதரை நாம் எப்படி மதிக்காமலிருக்க முடியும்?

அந்த மனிதரே வானத்தைப் பற்றிய தம் நூலில் தவறினார். நெருப்பு, காற்று, நீர், நிலம் ஆகியவற்றின் நுண்துகள்கள் ஒழுங்கான கனவடிவங்கள் என்பது அவருடைய ஆசிரியர் பிளேட்டோவின் கொள்கை. அதை மறுக்கப் புறப்பட்ட மாணவர், ‘அப்படியானால் வடிவங்களுக்கிடையே வெற்றிடம் விழுமே’ என்று வாதிட்டார். தளத்தில் இடைவெளியின்றி நிரப்பும் உருவங்கள் மூன்று: முக்கோணம், சதுரம், அறுகோணம். கனவடிவங்களில் நிரப்புவன இரண்டு: கனசதுரம், நான்முகி. இவ்வாறு எழுதினார்.

முதற்பாதியைச் சோதிப்போம். ஒரு புள்ளியைச் சுற்றி 360 பாகை. ஒழுங்கு முக்கோணத்தின் கோணம் 60. ஆறு கூடினால் 360. சதுரம் 90, நான்கு கூடும். அறுகோணம் 120, மூன்று கூடும். ஐங்கோணம் 108, மூன்றை வைத்தால் 324. இன்னும் 36 பாகை காலியாகக் கிடக்கிறது, நான்காவதற்கோ இடமில்லை. ஏழு பக்கம், எட்டுப் பக்கம் என்று போனால் கோணம் 120க்கு மேல் ஏறிவிடுகிறது; மூன்றுகூட ஒரு புள்ளியில் கூட மாட்டா. ஆக மூன்றே மூன்று. இதுவும் பைதாகரசின் வழியினர் கண்டதென்று புரோக்ளஸ் கூறுகிறார். அலெக்சாந்திரியாவின் பாப்பஸ், தேனீக்கள் அறுகோணத்தைத் தேர்ந்ததை வியந்து எழுதியதும் இந்த மூன்றையும் வைத்துத்தான். முதற்பாதி பழுதற்றது.

இரண்டாம் பாதி? நான்முகி என்பது நான்கு ஒத்த முக்கோணங்களால் ஆன கூம்பு. அதன் இரு முகங்கள் சந்திக்கும் விளிம்பில் அவற்றுக்கிடையே உள்ள கோணம் ஏறத்தாழ 70.5 பாகை. ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்து நான்முகிகளை அடுக்கினால் 352.6 பாகை. எஞ்சுவது ஏழு பாகைக்குச் சற்று மேல். ஆறாவதை நுழைக்க வழியில்லை; ஐந்தோடு நிறுத்தினால் இடைவெளி அடைபடுவதில்லை. நான்முகி வெளியை நிரப்பாது. முடிந்தது வழக்கு!

ஆனால் வழக்கு முடியவில்லை. முடிய விடவில்லை. ஆசான் எழுதிவிட்டார், உரையாசிரியர்கள் அதற்கு நியாயம் தேடினர். அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதியோருள் தலைசிறந்தவர் கோர்தோபாவின் இபின் ருஷ்து. ஐரோப்பியர் அவரை அவெரோஸ் என்பர். 1126இல் பிறந்து 1198இல் மறைந்தவர். அறிவுக்காகத் துன்புற்றவர், நூல்கள் எரிக்கப்படக் கண்டவர். அவரும் இங்கே ஆசானைக் காப்பாற்றவே முயன்றார். கனசதுரத்தின் ஒரு முனையில் மூன்று செங்கோணங்கள் கூடுகின்றன. எட்டுக் கனசதுரங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி நிரப்பும். ஆகவே மொத்தம் 24 செங்கோணம். நான்முகியின் முனையில் மூன்று அறுபது பாகைகள், அதாவது இரண்டு செங்கோணம். அப்படியானால் பன்னிரண்டு நான்முகிகள் சேர்ந்தால் 24 வந்துவிடுமே! ஆகவே பன்னிரண்டு நான்முகிகள் நிரப்பும் என்றார்.

கூட்டல் சரி; கூட்டிய பொருள்தான் தவறு. தளத்துக் கோணங்களைக் கூட்டினால் கனமூலையின் அளவு கிடைத்துவிடாது. இதே அளவுகோலை எண்முகியின்மீது வைத்துப் பாருங்கள். அதன் முனையில் நான்கு அறுபது, அதாவது 240 பாகை. 24 செங்கோணமோ 2160 பாகை. ஒன்பது எண்முகிகள் மிச்சமின்றி நிரப்ப வேண்டும்! ஆனால் கனசதுரமும் நான்முகியும் தவிர வேறெதுவும் நிரப்பாதென்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். ஆசானைக் காக்க எடுத்த கேடயம் ஆசானின்மீதே மோதுகிறது. முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணத்தைப் பின்னால் தேடினால், எத்தகைய அறிஞருக்கும் நேர்வது இதுதான்.

அட்டையை வெட்டி ஒட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றினாலும், கண்முன் விழும் அந்த மெல்லிய கீற்றைத் தம் கைப்பிழை என்று எண்ணிக்கொள்வதற்கு எவ்வளவு வாய்ப்பு! ஏழு பாகை என்பது விரற்கடை அளவு இடுக்கு. ஒட்டியது கோணலோ, வெட்டியது கோணலோ என்றுதான் மனம் ஐயுறும். ஆசான் வாக்குக் கோணலோ என்று ஐயுறத் தனித் துணிவு வேண்டும்.

அந்தத் துணிவு பதினைந்தாம் நூற்றாண்டில் வந்தது. ரெஜியோமொண்டானஸ் என்ற ஜெர்மானிய வானநூலார், 1436இல் பிறந்து நாற்பது வயதில் மறைந்தவர், ஐந்து ஒழுங்குக் கனவடிவங்களுள் எவை இடத்தை நிரப்பும், எவை நிரப்பா என்பதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நூல் நம் கைக்கு வரவில்லை. தலைப்பு மட்டும் வந்திருக்கிறது. தலைப்பிலேயே, அரிஸ்டாட்டிலின் உரையாசிரியர் அவெரோசுக்கு எதிராக என்று வெளிப்படையாகப் பொறித்திருந்தார். நூலை இழந்த நமக்கு அந்தத் தலைப்பாவது கிடைத்ததே!

அந்த இடுக்கின் கதை அதோடு ஓய்ந்ததென்று எண்ண வேண்டா. நான்முகிகளை எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்ற ஆராய்ச்சி நம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 2010இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சென், எங்கல், குளோட்சர் மூவரும் இடத்தில் 85.63 விழுக்காட்டை நிரப்பும் அடுக்கு ஒன்றைக் கண்டனர். இதைவிட நெருக்கம் இயலாது என்று எவரும் இன்னும் மெய்ப்பிக்கவில்லை.

பழங்காலத்தார் ஏமாந்தனர், நாம் ஏமாற மாட்டோம் என்று நெஞ்சு நிமிர்த்துவோர்க்கு இன்னொரு கதை இருக்கிறது. இது இருபதாம் நூற்றாண்டில் நடந்தது.

ஒழுங்கு ஐங்கோணம் தளத்தை நிரப்பாது, கண்டோம். ஒழுங்கற்ற ஐங்கோணம்? முக்கோணம் எதுவாயினும் அதன் படிகளைக் கொண்டு தரை பாவலாம். நாற்கரம் எதுவாயினும் பாவலாம். அதன் நான்கு கோணங்களும் கூடி 360 ஆவதால் நான்கு முனைகளையும் ஒரு புள்ளியில் சேர்த்துவிடலாம். ஐங்கோணத்தின் 540 ஒரு சுற்றுக்கு மிகுதி, இரண்டு சுற்றுக்குக் குறைவு. ஆனால் 540 என்பது 360உம் 180உம் சேர்ந்ததல்லவா? சதுரத்தின்மேல் முக்கோணக் கூரை வைத்த வீட்டு வடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு செங்கோணம் சேர்ந்து 180. மற்ற மூன்றும் சேர்ந்து 360. அந்த வீட்டைக் கொண்டு எல்லையற்ற தரையையும் பாவிவிடலாம். இப்படி 540ஐப் பிரித்துப் பிரித்துப் பொருத்தும் வழிகள் எத்தனை?

1918இல் பிராங்க்பர்ட்டில் முனைவர் பட்டத்துக்கு எழுதிய கார்ல் ரைன்ஹார்ட், புறங்குவிந்த ஐங்கோணங்களில் ஐந்து வகையைக் கண்டார். அறுகோணத்தில் மூன்றே வகை, ஏழு பக்கமும் அதற்கு மேலும் உள்ளவற்றில் ஒன்றுமே இல்லை என்பதும் அவர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் பயன். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1968இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கெர்ஷ்னர் மேலும் மூன்று வகை கண்டு, பட்டியல் எட்டோடு முழுமையாயிற்று என்று அறிவித்தார். மெய்ப்பிப்பை அவர் அச்சிடவில்லை. அது மிக நீளமானதென்று விட்டுவிட்டார். அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டது. பெயர் பெற்றவர், பெயர் பெற்ற இதழ். யார் கேட்பது?

1975 ஜூலையில் மார்ட்டின் கார்ட்னர் இந்தப் பட்டியலை ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் எல்லோரும் படிக்கும் வண்ணம் எழுதினார். கலிபோர்னியாவில் கணிப்பொறி நிரல் எழுதுபவரான ரிச்சர்ட் ஜேம்ஸ், எட்டில் அடங்காத ஒன்றைக் கண்டு எழுதியனுப்பினார். முழுமையாயிற்று என்ற பட்டியலில் ஓட்டை விழுந்தது. அந்தச் செய்தியும் இதழில் வந்தது. அதைச் சான் டியாகோ நகரில் ஓர் இல்லத்தலைவி படித்தார்.

மார்ஜரி ரைஸ் அவர் பெயர். ஐந்து குழந்தைகளின் தாய். பள்ளிப் படிப்போடு நின்றவர். பள்ளியிலும் கணிதம் படித்தது ஓராண்டே. இதழ், மகன் ஒருவனுக்காக வரவழைக்கப்பட்டது. கணித நூலாரின் குறியீடு அவருக்குத் தெரியாது. ஆகவே எந்த முனையில் எந்தக் கோணங்கள் கூடி 360 ஆகின்றன, எவை கூடி 180 ஆகின்றன என்பதைக் காட்டத் தாமே ஒரு குறியீட்டைப் படைத்துக்கொண்டார். அடுக்களை மேசையில் வைத்து வரைந்தார். எவரேனும் வந்தால் தாள்களை மூடி மறைத்துக்கொண்டார். என்ன செய்கிறாய் என்று கேட்டால் விளக்க வேண்டியிருக்குமே என்ற தயக்கம்.

அந்தத் தயக்கத்தை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. அறிவிற் சிறந்த ஒரு பெண், திருட்டுப் பொருளை மறைப்பதுபோல் தம் சிந்தனையை மறைக்க வேண்டியிருந்தது, செல்வமும் விடுதலையும் கொழித்த நாட்டிலே! எத்தனை வீடுகளில், எத்தனை தாள்கள் மூடப்பட்டு, மூடியபடியே மக்கிப் போயினவோ?

ரைசின் தாள்கள் மக்கவில்லை. அவர் கார்ட்னருக்கு அனுப்பினார். கார்ட்னர் அவற்றைக் கணிதப் பேராசிரியை டோரிஸ் ஷாட்ஷ்னைடரிடம் அனுப்பினார். பழக்கமில்லாத குறியீடுகளைக் கண்டு ஒதுக்கிவிடாமல், அவற்றின் பொருளைக் கற்றுக்கொண்டு சரிபார்த்தார் அப்பேராசிரியை. இந்தப் பொறுமைக்கும் ஒரு பங்கு புகழ் சேர வேண்டும் என்பது நம் கருத்து. 1976, 1977 ஆகிய ஈராண்டில் ரைஸ் கண்ட புதிய வகைகள் நான்கு. 1978இல் ஷாட்ஷ்னைடர் அவற்றைக் கட்டுரையாக்கி, கண்டவர் பெயரோடு வெளியிட்டார். 1999இல் வாஷிங்டனில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைமையக முகப்பில், ரைஸ் கண்ட ஐங்கோண அமைப்பொன்றைத் தரையோடாகவே பதித்தனர்.

பட்டியல் பதின்மூன்றோடும் நிற்கவில்லை. 1985இல் டார்ட்மண்ட் மாணவர் ரால்ப் ஸ்டைன் பதினான்காவதைக் கண்டார். 2015இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாத்தல் கிளையில் கேசி மான், ஜெனிபர் மெக்லவுட், டேவிட் வான் டெராவ் மூவரும் கணிப்பொறியின் துணையால் பதினைந்தாவதைக் கண்டனர். இனி உண்டா, இல்லையா? இம்முறை எவரும் வாய்ச்சொல்லை நம்பக் காத்திருக்கவில்லை. 2017இல் பிரான்சு நாட்டு லியோன் நகரின் மிக்கேல் ராவ், ஐந்து கோணங்களும் முனைகளில் கூடக்கூடிய வழிகளையெல்லாம் 371 தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கணிப்பொறியைக் கொண்டு துருவி, புறங்குவிந்த ஐங்கோணத்துக்குப் பதினைந்து வகையே உண்டென்ற மெய்ப்பிப்பை வெளியிட்டார். பிறர் சோதித்துப் பார்க்க நிரலையும் உடன் வைத்தார். அதே ஆண்டு ஜூலைத் திங்களில், 94ஆம் வயதில், மார்ஜரி ரைஸ் மறைந்தார். அந்தப் பதினைந்தில் ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று எண்ணிடப்பட்டவை அவருடையவை.